பெயர், உடுப்பு, உருவம்: போர்க்காலப் பெண்களின் பணிக்கு நினைவிடம் அமைத்தல், மட்டக்களப்புக் கரைக்கான ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பில் போர்க்காலப் பெண் ஒருவருக்கான நினைவிடம் எது என்று கேட்டால், பெரும்பாலானோர் நாவலடியைத்தான் சொல்வார்கள். 1988 மார்ச் 19ஆம் திகதி மாமாங்கப் பிள்ளையார் கோயில் முன்றலில் உண்ணாநோன்பைத் தொடங்கி, ஏப்ரல் 19ஆம் திகதி உயிர்நீத்த அன்னை பூபதியின் நினைவிடம் அங்கே இருக்கிறது. பத்துப் பிள்ளைகளின் தாய். போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் வேண்டும் என்று அன்னையர் முன்னணியின் பெயரால் இருந்த நோன்பு அது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாவலடியை வழித்துப் போன பிறகும், ஏப்ரல் மாதத்தில் மக்கள் அந்த இடத்துக்குப் போகிறார்கள்.

அது ஒரு பெண்ணின் நினைவிடம். மண்முனைத் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி, சோதனைச் சாவடி தாண்டி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குக் கடமைக்குப் போய்வந்த குடும்பநல மாதுகளுக்கு (அரச மருத்துவிச்சிகளுக்கு) எங்கேயும் ஒரு கல் இல்லை. அகதி முகாமில் நூறு பேருக்கு ஒரே அடுப்பில் கஞ்சி வைத்தவர்களுக்கும், மரத்தடியில் பள்ளிக்கூடம் நடத்திய ஆசிரியைகளுக்கும், பிடிபட்டவர்களின் பெயரை எழுதிக்கொண்டு படைமுகாம்களில் ஏறி இறங்கிய தாய்மாருக்கும் இல்லை. காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றில் இடம்பெயர்ந்து வந்தவர்களை வீட்டுக்குள் எடுத்து மாதக்கணக்கில் பார்த்த ராத்தாமாருக்கும் (முஸ்லிம் அக்காமாருக்கும்) இல்லை. ஊர்ச் சங்கங்கள் இப்படி ஒன்றைக் கட்ட நினைக்கும்போது வழமையாக இரண்டு பிழைகள் நடக்கின்றன. ஒன்று, உடனே "ஒரு தாய் சிலை வைப்போம்" என்று முடிவெடுப்பது. மற்றது, பெயர்ப்பட்டியலைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவிடுவது. உலகில் ஏற்கெனவே கட்டப்பட்ட நான்கு நினைவிடங்கள் இந்தக் கேள்விகளுக்கு என்ன விடை கண்டன என்பதையும், அந்த விடைகளை எங்கள் உப்புக்காற்றுக் கரையில் எப்படிச் செய்து நிறுத்துவது என்பதையும் இங்கே பார்க்கிறோம். ஆயுதம் ஏந்தாத பணியை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். போராளிகளின் பெயர் சேரும் நினைவிடத்துக்குச் சட்டச் சிக்கலும் பாதுகாப்புக் கேள்வியும் வேறு. அந்த முடிவை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் எடுத்துவிட வேண்டும். பாதி வேலையில் எடுத்தால் சங்கமே உடையும்.

லண்டன்: உடுப்பு மட்டும்

வைற்ஹோல் வீதியில், போர்நினைவுத் தூணுக்கு அருகில், இரண்டாம் உலகப்போர்ப் பெண்களுக்கான நினைவுச் சின்னம் நிற்கிறது. சிற்பி ஜோன் மில்ஸ். வெண்கலம், உயரம் 22 அடி, நீளம் 16 அடி, அகலம் 6 அடி. 2005 ஜூலை 9ஆம் திகதி இரண்டாம் எலிசபெத் மகாராணி திறந்துவைத்தார். லண்டனில் குண்டுகள் வெடித்து இரண்டு நாள் கழித்து நடந்த திறப்பு அது. முயற்சி தொடங்கியது 1997இல், ஆக எட்டு வருட வேலை.

அதில் ஒரு முகமும் கிடையாது, ஒரு பெயரும் கிடையாது. நாற்புறமும் கொக்கிகளில் மாட்டிய மாதிரி 17 உடுப்புத் தொகுதிகள் தொங்குகின்றன: தாதியின் மேலங்கி, வயல்வேலைப் படையின் உடுப்பு, கடற்படைப் பெண்ணின் சீருடை, பற்றவைப்பவளின் முகக்கவசம். போர்க்காலத்தில் பெண்கள் அந்த வேலைகளை ஏற்றார்கள். ஆண்கள் திரும்பி வந்ததும் உடுப்பைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கழற்றி மாட்டுதலைத்தான் சிற்பி பிடித்திருக்கிறார். பக்கங்களில் உள்ள எழுத்தும் சும்மா தெரிவுசெய்ததல்ல. அக்காலத்துப் பங்கீட்டுப் புத்தகத்தில் இருந்த எழுத்துருவைப் பார்த்து வெட்டியது. அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்துக் கியூவில் நின்ற எவருக்கும் எழுத்தைப் பார்த்த உடனே காலம் தெரியும்.

எங்களுக்கு இதில் எடுக்க நிறைய இருக்கிறது. பொதுவான தாய் சிலை ஒன்று வைத்தால் அதன் முகம் எவருடைய முகமும் ஆகாது. சீமெந்துச் சிலைக்கு வருடாவருடம் எனாமல் பெயின்ற் பூசப்பூச, மூக்கும் கண்ணிமையும் தடித்து ஐந்தாறு வருடத்தில் முகமே அழிந்துவிடும். பணியைக் காட்டும் பொருள் அப்படி அழியாது. குடும்பநல மாதின் தொங்கு தராசை நினைத்துப் பாருங்கள்: வட்ட முகம், மேலே ஒரு வளையம், கீழே ஒரு கொக்கி, கொக்கியில் பிள்ளையைப் போடும் துணித்தூளி. முள் 25 கிலோ வரை ஓடும். ஒவ்வொரு கோடும் 100 கிராம். மாமரக் கொப்பில் இந்தத் தராசைக் கட்டிப் பிள்ளை நிறுத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இன்றைக்கும் இருக்கிறார்கள். கல்லில் அந்தத் தராசைக் கீறினால் ஒரு விளக்கப்பலகையும் தேவைப்படாது. முகாமுக்குக் கஞ்சிக் கிடாரம், பள்ளிக்குச் சோக்குத் துண்டும் கரும்பலகையாக்கிய கதவும், தாய்மாருக்கு நான்காக மடித்த மனுக் கடதாசி. இவை ஒவ்வொன்றையும் 300 மி.மீ. சதுரத்தில் கோட்டுருவமாக வெட்டலாம். சிற்பி தேவையில்லை, கல்லறைக் கல் வெட்டுகிற கடையே போதும்.

ஆனால் லண்டனில் குறையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பெயரில்லாத உடுப்பு பெண்களை இன்னொரு முறை பெயரற்றவர்களாக்கிவிடுகிறது. கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில் அவ்வளவு பெயரும் ஒரு கல்லில் கொள்ளாது என்பது நியாயம். எங்கள் ஊர்களுக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஒரு பிரதேச செயலகப் பிரிவில் 50 பேரின் பெயரைத் தேடி எடுக்க முடியும்.

யோர்க், வொஷிங்ரன், ஆர்லிங்ரன்

இங்கிலாந்தின் யோர்க் பேராலயத்தில் 'ஐந்து சகோதரிகள்' என்ற பழைய கண்ணாடிச் சாளரம் இருக்கிறது. அதைப் பெண்கள் பணம் சேர்த்துப் புதுப்பித்து, முதலாம் உலகப்போரில் கடமையில் இறந்த பிரித்தானியப் பேரரசின் பெண்களுக்கு 1925இல் அர்ப்பணித்தார்கள். அருகில் ஓக் மரப் பலகைகளில் 1,400க்கும் மேற்பட்ட பெயர்கள். இங்கே உருவம் இல்லை, பெயர்தான் எல்லாம். ஆனால் இறந்தவர்கள் மட்டுமே. உயிரோடு திரும்பியவளுக்கு அந்தப் பலகையில் இடமில்லை.

வொஷிங்ரனில் வியட்நாம் பெண்கள் நினைவுச் சின்னம் 1993 நவம்பர் 11ஆம் திகதி திறக்கப்பட்டது. போரில் தாதியாக இருந்த டயான் கார்ல்சன் எவான்ஸ் ஏறக்குறைய பத்து வருடம் அலைந்து கொண்டுவந்தது. சிற்பி கிளெனா குடேக்கர். 1987இல் இந்த முயற்சியின் முதல் வடிவத்தைக் கலை ஆணைக்குழு மறுத்துவிட்டது. ஏற்கெனவே நிற்கும் மூன்று படைவீரர் சிலை எல்லோரையும் குறிக்கிறது, ஒன்றைச் சேர்த்தால் ஒவ்வொரு பிரிவாரும் வந்து கேட்பார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட வாதம். இதே வாதத்தை எங்கள் ஊர்க் கூட்டங்களிலும் கேட்கலாம்: "பொதுத்தூபி இருக்குத்தானே, பெண்களுக்கு ஏன் தனியே?" அங்கே அவர்கள் விடாமல் நின்று அமெரிக்கக் காங்கிரஸ் சபை வழியாக அனுமதி பெற்றார்கள். சிலையில் மூன்று பெண்கள். ஒருத்தி காயப்பட்டவனைத் தாங்குகிறாள். ஒருத்தி ஹெலிகொப்டரை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்கிறாள். மூன்றாமவள் முழந்தாளிட்டு வெறும் தலைக்கவசத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுற்றி எட்டு மரங்கள் நட்டிருக்கிறார்கள். வியட்நாமில் இறந்த அமெரிக்கப் படைப்பெண்கள் எட்டுப் பேர். சிலை பணி செய்த எல்லாருக்கும், மரம் இறந்தவர்களுக்கு. இந்தப் பிரிப்பு மிக நல்லது. கல்லில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமலே அதைச் சொல்லிவிடுகிறது.

அமெரிக்காவின் ஆர்லிங்ரன் படைவீரர் மயான வாசலில் 1997 ஒக்டோபர் 18ஆம் திகதி திறந்த படைப்பெண்கள் நினைவிடம் வேறு வழி எடுத்தது. அங்கே மையம் ஒரு பதிவேடு. பணி செய்தவள் தானே வந்து தன் கதையைப் பதியலாம், பிள்ளைகளும் பதியலாம். அந்நாட்டுப் படைகளில் இதுவரை பணிசெய்த பெண்கள் 30 இலட்சம் அளவில். பதிவேட்டில் இருப்பது 3 இலட்சத்துக்குச் சற்று மேல். பதிவேட்டைத் திறந்து வைத்தால் தானாக நிரம்பும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். வீடுவீடாகப் போய் எழுதாமல் பட்டியல் வராது.

பட்டியல்

முழு வேலைக்கும் 18 மாதம் என்றால் அதில் 12 மாதம் பட்டியலுக்கு வேண்டும். கட்டடம் மூன்று மாதத்தில் முடிந்துவிடும்.

முதலில் தகுதியை ஒரே வசனத்தில் எழுதுங்கள். உதாரணமாக: "1983 முதல் 2009 வரை, இந்தப் பிரிவில், தன் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காக, ஆறு மாதத்துக்குக் குறையாமல் பணிசெய்த பெண்." இந்த வசனத்தில் மரணம் இல்லை என்பதைக் கவனியுங்கள். இறந்தவர்களை மட்டும் எடுத்தால் யோர்க்கில் நடந்ததுதான் நடக்கும். இன்றைக்கும் களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போய்வருகிற பெத்தா (பாட்டி) ஒருவரின் பெயர், அவர் வாசிக்கிற காலத்திலேயே கல்லில் இருக்க வேண்டும்.

பதிவுத்தாளில் ஏழு நிரல் போதும்: பெயர், தகப்பன் பெயர், ஊர், செய்த பணி, ஆண்டுகள், இரண்டு சாட்சிகள், சம்மதக் கையொப்பம். சாட்சி இரண்டு பேரும் ஒரே வீட்டார் ஆகக் கூடாது. உறுதிப்படுத்தக் கிடைக்கும் ஆவணங்கள் நினைப்பதைவிட அதிகம். பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகம், குடும்பநல மாதின் பழைய பதிவேடு, கோயில், தேவாலய, பள்ளிவாசல் கணக்குப் புத்தகங்கள், முகாமில் பங்கீடு கொடுத்த அட்டை எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். ஒன்றையும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அந்த வீட்டிலேயே வைத்துப் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாங்கிய கடதாசி தொலைந்தால் அந்த ஊரில் அடுத்த வீடு கதவு திறக்காது.

இனி, பெயர். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் பெயர் மறைவதற்கு மூன்று வழி இருக்கிறது. 'திருமதி' போட்டுக் கணவன் பெயரை மட்டும் எழுதுவது முதலாவது. 'மருத்துவிச்சிப் பெத்தா', 'கஞ்சி மாமி' என்று ஊர்ப்பெயராலேயே அழைத்து இயற்பெயர் எவருக்கும் தெரியாமல் போவது இரண்டாவது. மூன்றாவது, முன்னால் நிற்பது தகப்பன் பெயரா கணவன் பெயரா என்று தெரியாத குழப்பம். ஒரே விதியை எல்லோருக்கும் வையுங்கள்: தகப்பன் பெயர் முன்னே, இயற்பெயர் பின்னே, 'திருமதி', 'செல்வி' எதுவும் வேண்டாம். ஊர் அழைத்த பெயரை இரண்டாவது வரியில் சேர்க்கலாம், அதைச் சேர்ப்பதுதான் அழகும். முஸ்லிம் பெண்களின் பெயரில் உம்மா, பீவி என்பவை பெயரின் பகுதி, சுருக்கக் கூடாது. அம்பாறை எல்லைக் கிராமங்களில் சிங்களப் பெண்களும் பட்டியலில் வந்தால் அவர்கள் பெயரை அவர்கள் எழுத்திலேயே வெட்ட வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்ட பெண் ஒருவரின் பெயர் வரும்போது மிகக் கவனம் தேவை. மரணச் சான்றிதழை மறுத்து இருபது முப்பது வருடம் நிற்கும் குடும்பம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழி வந்தது இதனால்தான். கல்லில் எந்தப் பெயருக்கும் இறந்த ஆண்டு போடாமல் விட்டால் இந்தப் புண்ணைக் கீறாமல் இருக்கலாம். பணிசெய்த ஆண்டுகள் மட்டும் போதும். வொஷிங்ரன் மரங்களின் யோசனையையும் இங்கே எடுக்கலாம். ஆனால் எந்த மரம் எவருக்கு என்று எழுதக் கூடாது.

முதல் வரைவை கிராம உத்தியோகத்தர் அலுவலகம், நூலகம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாவற்றிலும் 30 நாள் ஒட்டுங்கள். ஆட்சேபனை எழுத்தில் வர வேண்டும். "இவ முகாம்ல சமைக்கல்ல, சாமான் வித்தவ" என்ற மாதிரிக் கோபங்கள் வரத்தான் செய்யும். அவை கல் வெட்டுவதற்கு முன் வருவது நல்லது.

எழுத்து வெட்டுதல்

அதிகம் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். கடைகளில் இன்னும் யுனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் வேலை நடக்கிறது. நீங்கள் யுனிகோட்டில் கொடுத்த பட்டியலைக் கடைக்காரர் மாற்றும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறும், 'ஸ்ரீ' காணாமல் போகும், 'ஜ', 'ஷ', 'ஹ' வேறு குறியாக வந்து விழும். திரையில் பார்த்துச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். எழுத்துகளைக் கோட்டுருவாக (எழுத்துரு தேவைப்படாத வரைகோடாக) மாற்றிய கோப்பைக் கேளுங்கள். பிறகு உண்மை அளவில் கடதாசியில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு பெயரையும் அந்தந்த வீட்டார் சத்தமாக வாசித்துக் கையொப்பம் இடட்டும். ந, ன, ண, ர, ற, ல, ள, ழ. இந்த மூன்று கூட்டத்திலும் தவறு வராத பட்டியல் இல்லை. கல்லில் வெட்டிய பிழையைத் திருத்த முடியாது. முழுப் பலகையையும் மாற்ற வேண்டும்.

600 மி.மீ. அகலம், 900 மி.மீ. உயரம், 20 மி.மீ. தடிப்புள்ள கருப்புக் கிரனைட் பலகை ஏறக்குறைய 30 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம். 30 மி.மீ. தடிப்பு என்றால் 45 கிலோ. சுற்றவர 50 மி.மீ. விட்டால் எழுத்துக்கு 500 × 800 மி.மீ. கிடைக்கும். தமிழ் எழுத்து அகலமானது. 20 மி.மீ. உயர எழுத்தில் ஒரு வரிக்கு இருபது எழுத்துத்தான் வரும். ஆங்கிலப் பலகைகளைப் பார்த்து இரண்டு நிரலாகப் பிரித்தால் பெயர்கள் நடுவில் உடையும். மேலே விசிறி, கீழே சுழி இருப்பதால் வரி இடைவெளியும் கூட வேண்டும். நெருக்கினால் மேல்வரி 'கூ'வின் வால் கீழ்வரி 'கி'யின் கொக்கியில் முட்டும். பெயர் 22 மி.மீ., அதன் கீழே ஊரும் பணியும் 15 மி.மீ. என்று வைத்தால் ஒரு பதிவுக்கு 75 மி.மீ. போகும். ஆகவே ஒரு பலகைக்கு 10 பேர். 50 பெயருக்கு ஐந்து பலகை.

வெட்டு ஆழம் 1 முதல் 1.5 மி.மீ. போதும். மெருகிட்ட கருப்புக் கல்லில் மணல் வீச்சால் வெட்டிய எழுத்து சாம்பல் வெள்ளையாகத் தெரியும். நிறம் நிரப்பத் தேவையில்லை. தங்கநிறம் நிரப்பச் சொல்லிக் கடைக்காரர் கேட்பார். வெயிலில் சில வருடத்தில் அது பாதி உதிர்ந்து, உதிராத எழுத்தும் உதிர்ந்த எழுத்தும் கலந்து வாசிக்க ஏலாமல் போகும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அத்திவாரமும் சுவரும்

கல்லடியிலிருந்து பொத்துவில் வரை கரை மணல்தான். ஆழிப்பேரலைக்குப் பிறகு கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் சாய்ந்து நிற்பதைக் கண்டவர்களுக்கு மணலின் குணம் தெரியும். உயர்வான தூபி கட்டுவதைவிடத் தாழ்வான நீளச் சுவர் கட்டுவது பாதுகாப்பு. சுவர் தாழ்வாக இருந்தால் முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் பெயரைக் கையால் தொடலாம். பலகையின் அடி நிலத்திலிருந்து 600 மி.மீ., மேல் விளிம்பு 1,500 மி.மீ. என்று வையுங்கள்.

ஆறு பலகைக்கான (ஐந்து பெயர்ப் பலகை, பின்னால் வரும் பெயர்களுக்கு வெறுமையாக ஒன்று) சுவருக்கு 4.5 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம், 300 மி.மீ. தடிப்புள்ள அடித்தளம் வேண்டும். 600 மி.மீ. தோண்டி, தண்ணீர் விட்டுத் தட்டி இறுக்கி, 75 மி.மீ. மெலிந்த (சீமெந்து குறைந்த) கொங்கிரீட் போட்ட பிறகே கம்பி கட்ட வேண்டும். அடித்தளக் கொங்கிரீட் ஏறக்குறைய 2 கன மீற்றர். சீமெந்து ஒன்றுக்கு மணல் ஒன்றரைக்குச் சல்லி மூன்று என்ற கலவையில் 50 கிலோ சீமெந்துப் பை 17 வரும். சிந்துவதற்கு ஒன்று கூட்டி 18 எடுங்கள். ஆற்று மணல் 0.3 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), முக்கால் அங்குலச் சல்லி 0.6 கியூப். 12 மி.மீ. டோர் கம்பியை (வரிப்புள்ள உருக்குக் கம்பியை) 150 மி.மீ. இடைவெளியில் மேலும் கீழும் இரண்டு வலையாகக் கட்டினால் ஏறக்குறைய 165 கிலோ போகும். சுவர் அடித்தளத்திலிருந்து 1.8 மீற்றர் உயரம், 200 மி.மீ. தடிப்பு, அதற்கு இன்னும் 14 பை. கணக்கை ஒரு பொறியியலாளர் பார்த்துக் கையொப்பம் இடாமல் கொங்கிரீட் போடாதீர்கள்.

கரையோரக் கொங்கிரீட்டைக் கொல்லுவது உப்பு. ஆகவே கடல் மணலும் வாவியோர மணலும் ஆகாது. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் வாயில் கரிப்பாக இருந்தால் அதுவும் ஆகாது. பவுசரில் (தண்ணீர் லொறியில்) நல்ல தண்ணீர் எடுக்க வேண்டும். ஒரு பை சீமெந்துக்குத் தண்ணீர் 22 லீற்றரைத் தாண்டக் கூடாது, மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. மேசன்மார் இளக்கமாகப் போடத்தான் விரும்புவார்கள், இலகுவில் நிரம்பும் என்று. தண்ணீர் கூடினால் காய்ந்த பிறகு நுண்துளை விழும். துளை வழியே உப்பு போய்க் கம்பியைத் தொடும். துரு, அது தின்ற இரும்பைப்போல் சில மடங்கு இடம் பிடிக்கும், கொங்கிரீட் பிளந்து விழும். கம்பியை மூடி நிற்கும் கொங்கிரீட், அதாவது மூடல், பக்கங்களில் 50 மி.மீ., அடியில் 75 மி.மீ. விடுங்கள். மூடலுக்குச் சீமெந்துக் கட்டி வார்த்து வைக்க வேண்டும். கம்பிக்குக் கீழே உடைந்த செங்கல்லைச் செருகுவது வழமை. செங்கல் உப்புத் தண்ணீரை உறிஞ்சி நேரே கம்பிக்குக் கொடுக்கும். கொங்கிரீட் போட்ட பிறகு ஈரச் சாக்கால் மூடி 14 நாள் நனையுங்கள். வேலையை மார்ச் கடைசிக்கும் ஓகஸ்டுக்கும் இடையில் முடித்தால் வாடைமழைக்கு (வடகீழ்ப் பருவமழைக்கு)த் தப்பலாம்.

பலகையைச் சாந்து வைத்துச் சுவரில் ஒட்டுவதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. சாந்துக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால் உப்புநீர் தேங்கி, கல்லின் முகத்தில் வெள்ளை பூத்து, ஒரு நாள் பலகை கழன்று விழும். நான்கு மூலையிலும் 40 மி.மீ. உள்ளே துளையிட்டு, 8 மி.மீ. துருவேறா உருக்கு ஆணியால் பூட்டி, பின்னால் 10 மி.மீ. காற்றிடைவெளி விடுங்கள். ஆணிக்கும் கல்லுக்கும் இடையில் இறப்பர் வளையம். ஆணியின் தலையில் 'ஏ4' என்ற குறி இருக்க வேண்டும். 'ஏ2' ஆணியும் அதே பளபளப்பில்தான் இருக்கும், ஆனால் கடற்காற்றில் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பு வழிந்து பெயரின் மேலேயே இறங்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பெயர்ப் பக்கம் மேற்கைப் பார்க்கட்டும், சுவரின் முதுகு கடலுக்கு. வாடை கொண்டுவரும் உப்புமழையை முதுகு வாங்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்துப் பிற்பகல் வெயில் முகத்தில் அடிக்கும். அதற்கு மேற்குப் பக்கம் புன்னையோ பூவரசோ நடுங்கள். இரண்டும் உப்புக் காற்றைத் தாங்கும். சுவரிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி நட்டால் வேர் அடித்தளத்தைத் தூக்காது.

அனுமதி

கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் என்றாலும் பிரதேச சபை அல்லது மாநகர சபையின் கட்டட அனுமதியும், காணி உரிமையாளரின் எழுத்துச் சம்மதமும் தேவை. வீதியோர ஒதுக்குக் காணியில் கட்டாதீர்கள். வீதி அகலிக்கும் நாளில் முதலில் போவது அதுதான். பழைய மகப்பேற்று நிலையம், பாடசாலை, பொது நூலகம் ஆகியவற்றின் வளவு நல்லது. பணி நடந்த இடமும் அதுவே. மாலையில் பூட்டவும் ஆள் இருக்கும்.

விளக்கும் பூவும் பராமரிப்பும்

மக்கள் விளக்கு வைப்பார்கள், கற்பூரம் கொளுத்துவார்கள், மாலை போடுவார்கள். அதற்கென்று இடம் இல்லாவிட்டால் பெயரின் கீழ் விளிம்பிலேயே வைப்பார்கள். புகைக்கரி கீழ்வரிப் பெயர்களை மூடும், எண்ணெய் கல்லுக்குள் இறங்கும். சுவரிலிருந்து ஒன்றரை மீற்றர் முன்னே, ஒரு பக்கமாக, மணல் நிரப்பிய தாழ்வான கல் தொட்டி ஒன்று வையுங்கள். ஒரு பக்கமாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. துஆ கேட்க வரும் குடும்பம் விளக்கைத் தாண்டாமல் தங்கள் உம்மாவின் பெயர் முன்னால் நிற்க வேண்டும். மாலைக்கு ஒரு துருவேறாக் கம்பி, தொட்டிக்கு மேலே.

வருடத்துக்கு இரண்டு தரம், வாடைக்கு முன்னும் பின்னும், நல்ல தண்ணீராலும் மென்மையான தும்புத் தூரிகையாலும் கழுவினால் போதும். மலசலகூடம் கழுவும் அமிலத் திரவம் படக் கூடாது, மெருகு போய்விடும். ஆணிகளை அந்த நேரம் ஒருக்கால் இறுக்கிப் பார்க்கலாம். இந்த வேலையை ஊர்ப் பாடசாலை ஒன்றிடமோ மாதர் சங்கத்திடமோ எழுத்தில் ஒப்படைத்து, நிதியில் ஒரு பங்கை வங்கியில் நிலையான வைப்பாக விடுங்கள். திறப்பு விழாப் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் போகிற காசின் பாதி இதற்குப் போதும்.

ஆறாவது பலகையை வெட்டாமல் வெறுமையாகப் பூட்டுங்கள். திறப்பு விழா முடிந்த அடுத்த கிழமையே யாராவது வந்து, "எங்கட அம்மம்மாட பேர் இல்லையே" என்று நிற்பார். பதிவுத்தாள் ஒன்றை அவருக்குக் கொடுக்க வேண்டும், அதே இரண்டு சாட்சி, அதே 30 நாள். பத்துப் பெயர் சேர்ந்ததும் நான்கு ஆணியைக் கழற்றிப் பலகையைக் கடைக்குக் கொண்டுபோய் வெட்டி வந்து மாட்டலாம். அந்த ஆணிகளுக்குப் பொருந்தும் சாவியைப் பதிவேட்டோடு சேர்த்து நூலக அலுமாரியில் வையுங்கள்.